கசந்துச்சா?

இந்தச் சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் பிந்தி ஓடுகிறது என்று அவர் இருந்தால் சொல்லியிருப்பார். இருந்தால் என்ன இருந்தால், அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மூன்றாவது கட்டிலில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார், என் வாயில் ஏன்தான் இப்படி வருகிறதோ, வாயைக் கழுவ வேண்டும். நேற்று சாயங்காலமே டாக்டரம்மா வெளியே வந்து, "இனிப் பயமில்லம்மா, பிரஷர் ஏறிடுச்சு, ரத்தம் நின்னுடுச்சு" என்று சொல்லிவிட்டாள். பிரஷர் ஏறியதற்குக் கையெடுத்துக் கும்பிட்டவள் இந்தத் திண்டுக்கல்லிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். காலை எட்டு மணிக்கு ஒரே ஒரு ஆளைப் பத்து நிமிஷம் உள்ளே விடுவார்கள். அந்த ஒரு ஆள் நான்தான். இப்போது ஆறே முக்கால். முப்பத்தைந்து வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்து, வண்டி வந்தது போனது என்று எழுதிக்கொண்டே இருந்த மனுஷர், இப்போது அவருக்கு எப்போது என்ன ஊசி என்பதை யாரோ எழுதுகிறார்கள். எழுதட்டும், நன்றாக எழுதட்டும். அந்தக் கைகள் நன்றாக இருக்கட்டும். எனக்கு இருப்பது ஒன்றேகால் மணி நேரம். அதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும். அவரிடம் சொல்வதா, வேண்டாமா. எனக்கு நாக்கில் ருசி இல்லை. மூன்று வருஷமாக இல்லை. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு ஒன்றும் தெரியாது. இது அவருக்குத் தெரியாது. பெற்ற பெண்ணுக்குத் தெரியாது. அவரை அந்தக் கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது நான் என்பதும் யாருக்கும் தெரியாது.

கேன்டீனிலிருந்து தூக்குப் போணியோடு வந்த அம்மாள் என் கையில் ஒரு பேப்பர் கப்பைக் கொடுத்துவிட்டு நகராமல் நிற்கிறாள். ரெண்டு நாளாக என் முகத்தைப் பார்த்துப் பழகிவிட்டாள். "குடிங்கம்மா. சீனி பத்துதா?" என்கிறாள். "நல்லா இருக்கு" என்கிறேன். குடிக்கவே இல்லை, அதற்குள் வாய் சொல்லிவிட்டது. இப்போது குடிக்கிறேன். சூடு தெரிகிறது. சூடு, குளிர்ச்சி, கொழகொழப்பு, மொறுமொறுப்பு, மிளகாயின் எரிச்சல், இவ்வளவுதான் எனக்கு மிச்சம் வைத்துவிட்டுப் போயிருக்கிறது அந்தக் காய்ச்சல். கொரோனாக் காய்ச்சல். தெருவில் பாதிப் பேருக்கு வந்தது, எல்லோருக்கும் வாசனையும் ருசியும் போனது, ஒரு மாதத்தில் எல்லோருக்கும் வந்தது. எனக்கு வாசனை மட்டும் வந்தது. தாளிக்கிற வாசனை வந்த அன்றைக்குக் கடுகுச் சட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சரி, பின்னாலேயே ருசியும் வந்துவிடும் என்று காத்திருந்தேன். நாளைக்கு வரும், அமாவாசை கழிந்தால் வரும், கார்த்திகைக்கு வரும் என்று தேதி தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு மூன்று வருஷம். மருந்துக் கடைக்காரரிடம் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன், ஏதோ சத்து மாத்திரை கொடுத்தார், தின்றேன், மாத்திரையும் மண்ணும் ஒன்றாகத்தான் இருந்தன. முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கலாம். முதல் வாரம் சொல்லாததை ரெண்டாவது மாதம் சொல்ல முடியவில்லை, ரெண்டாவது மாதம் சொல்லாததை ரெண்டாவது வருஷம் எப்படிச் சொல்வது. எங்கள் தெருவில் ஒரு காதுகுத்து, ஒரு வளைகாப்பு என்றால் சமையல் அண்டா முன்னால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "வள்ளிமயில் அக்கா உப்பு பாத்துட்டா அப்புறம் கண்ண மூடிட்டுப் பரிமாறலாம்." காய்ச்சலுக்கு அப்புறமும் கூப்பிட்டார்கள். போனேன். கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்து, கொஞ்ச நேரம் யோசித்து, "சரியா இருக்கு" என்றேன். என்ன திமிர். ஆனால் சரியாகத்தான் இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை, அதில் ஒரு குருட்டு தைரியம் வந்துவிட்டது. வீட்டில் கை அளவு தெரியும். ரசத்துக்கு எத்தனை கல் உப்பு, சாம்பாருக்கு எவ்வளவு புளி, முப்பத்தைந்து வருஷம் அள்ளிப் போட்ட விரல்கள் நாக்கைக் கேட்காமலே போட்டுவிடும். அதற்கு மேல் சந்தேகம் வந்தால் அவர் இருக்கிறார். தட்டு வைத்ததும் கேட்பேன், "எப்படி இருக்கு?" அவர் சொல்வார், "நல்லா இருக்கு." அவர் சொன்னால் எனக்கு நிம்மதி. என் நாக்கை அவர் வாயில் வைத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கசப்புக்கு வருகிறேன். வராமல் எங்கே போவேன், ரெண்டு நாளாக எந்த வழியில் நினைப்பைத் திருப்பினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. அவருக்குச் சர்க்கரை வந்தது ரிட்டயர் ஆன வருஷம், ஆறு வருஷமாகிறது. முந்நூறைத் தாண்டி நின்றது. காலில் ஒரு புண் ஆறாமல் நாலு மாதம் இழுத்தடித்தது, விரலை எடுக்க வேண்டிவரும் என்று பயமுறுத்தினார்கள். மாத்திரை கொடுத்தார்கள், நடக்கச் சொன்னார்கள். நான் என் பங்குக்குச் சமையலறையில் கசப்பைக் கொண்டுவந்து குடிவைத்தேன். பாகற்காய் பொரியல், பாகற்காய்க் கூட்டு, சுண்டைக்காய் வற்றல் குழம்பு, மணத்தக்காளி, முளைகட்டின வெந்தயம், சித்திரையில் பறித்துக் காயவைத்த வேப்பம்பூவில் ரசம். முதல் நாள் பாகற்காயைப் பார்த்த அவர் முகம் இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது, ஓவர்டைம் போடச் சொன்ன டிரைவர் மாதிரி. நான் என் தட்டிலும் அதே அளவு போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்து தின்றேன். எனக்குப் பாகற்காய் என்றால் கொமட்டும், சின்ன வயசிலிருந்தே. தின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் என்னைப் பார்த்துவிட்டுப் பேசாமல் தின்றார். அன்றைக்கு வாய்விட்டுப் பேசாமலேயே ஓர் ஒப்பந்தம். அவர் முகம் சுளிக்கக் கூடாது, நான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம் அவர் என் சமையலில் ஒரு நாள்கூட ஒரு குறை சொன்னதில்லை. முன்னாடி மட்டும் சொன்னாரா என்றால், முன்னாடியும் சொன்னதில்லை, கல்யாணமான புதிதில் குழைந்த சோற்றையே பாயசம் மாதிரி குடித்தவர். ஆனால் சர்க்கரை இறங்கியது. முந்நூறு இருநூறாகி, இருநூறு நூற்று நாற்பதானது. புண் ஆறியது. ரத்தம் எடுக்கிற பெண் ஒவ்வொரு தடவையும் சீட்டைக் கொடுத்து, "என்னங்கய்யா பண்றீங்க, எல்லாருக்கும் சொல்லிக் குடுங்க" என்பாள். மாத்திரையும் நடையும்தான் பெரிய வேலை செய்தன என்பது எனக்கும் தெரியும், நான் ஒன்றும் மூடநம்பிக்கைக்காரி இல்லை. ஆனாலும் அந்தப் பச்சை மேடுபள்ளக் காய்க்கு நான் நன்றிக்கடன் பட்டவள். காய்கறிக் கடையில் அதைப் பொறுக்கும்போது ஒரு மரியாதையோடுதான் தொடுவேன்.

மூன்று வருஷம் நிஜமாகக் கசந்தது. அதற்கப்புறம் மூன்று வருஷம் கசக்கவே இல்லை. இதில்தான் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். காய்ச்சலுக்கு அப்புறம் முதல் தடவை பாகற்காயை வாயில் போட்டபோது வெந்த துணியை மெல்லுகிற மாதிரி இருந்தது. முகம் சுளிக்காமல் ரெண்டு கை தின்றேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன், சும்மா, செலவில்லாத வீரம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும், அட மனுஷா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நான் புண்ணியவதி எல்லாம் இல்லை என்று. அந்தக் கண் கலங்கலைக் கெடுக்க மனசு வரவில்லை. அதைவிடக் கேவலம், அது எனக்குப் பிடித்திருந்தது. போன வருஷம் அவரோடு வேலை பார்த்த அருளானந்து அண்ணனுக்கு அறுபதாம் பிறந்தநாள் வைத்தார்கள், மாதா கோயில் மண்டபத்தில். மைக்கைக் கையில் கொடுத்து ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இவர் அருளானந்து அண்ணனைப் பற்றி அரை வார்த்தை பேசிவிட்டு என்னைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். "எனக்குத்தான் சுகரு, எங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணும் கிடையாது. ஆனா எனக்காகத் தினம் பாகக்கா திங்குது. மூஞ்சியக்கூடச் சுளிக்காது." மண்டபம் முழுக்கக் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்த பொம்பளை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு இலையில் இருந்த கேசரியைத் தின்றேன். கேசரியும் வெந்த துணிதான். வாங்கிய கைதட்டலை எங்கே போய்த் திருப்பிக் கொடுப்பது. முதல் மூன்று வருஷத்துக்கு என்று பாதியை வைத்துக்கொள்ளலாமா. என்ன கணக்கு இது, மனுஷர் உள்ளே ஊசி ஏறிக் கிடக்கிறார், இங்கே உட்கார்ந்து கைதட்டலைப் பங்கு பிரிக்கிறேன்.

கசப்பு விளையாட்டுச் சாமான் இல்லை என்பது எனக்குத் தெரியாததும் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் யாரோ சொன்னார்கள் என்று வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு குடித்து, மேலே மாத்திரையும் போட்டுக்கொண்டு, பாத்ரூம் வாசலில் வேர்த்து நடுங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை சரேலென்று இறங்கிவிட்டது. சீனி டப்பாவைக் கவிழ்த்து ஒரு கை அள்ளி அவர் வாயில் போட்டேன். ரெண்டு நிமிஷத்தில் கண்ணைத் திறந்து, "வள்ளி, சீனி ஸ்வீட்டா இருக்கு" என்றார். அன்றைக்குச் சிரித்தோம். மருந்து சாப்பிடுகிற நாளில் அகத்திக்கீரை வேண்டாம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள், அதையெல்லாம் ஒழுங்காகப் பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் அளவு வைத்திருந்தவள்தான் நான். ஆனால் அவை எல்லாம் கசக்க வேண்டிய சாமான்கள். சுரைக்காய் கசக்கக் கூடாத சாமான். பார்க்கில் நடக்கிற கூட்டம் நாலு மாதத்துக்கு முன்னால் சுரைக்காய் ஜூஸ் நல்லது என்று சொல்லி அனுப்பியது, காலையில் ஒரு டம்ளர். அவருக்கும் பிடித்துப்போனது, கசப்பில்லாத ஒரு மருந்து கிடைத்த சந்தோஷம். கடையில் வாங்கித்தான் அடித்துக் கொடுத்தேன். இந்தச் சமயத்தில் கொல்லையில் துணி துவைக்கிற கல்லுப் பக்கத்தில் ஒரு சுரைக்கொடி தானாக முளைத்தது. யாரும் விதை போடவில்லை. அரிசி கழுவின தண்ணீர் ஊற்றினேன், சாம்பல் போட்டேன், கம்பு நட்டுச் சுவரில் ஏற்றிவிட்டேன். வெள்ளைப் பூ பூத்தது. சாயங்காலமானால் ரெண்டு பேரும் போய் நின்று பார்ப்போம், அவர் கொடிக்கு ஷெட்யூல் போடுவார், இந்தப் பூ இத்தனாம் தேதிக்குக் காய் என்று. செவ்வாய்க்கிழமை காலையில் முதல் காயைப் பறித்தேன். முதல் காயைச் சாமி முன்னால் வைத்தேன், ஒரு நிமிஷம்தான், அப்புறம் அவருக்குத்தான் என்று எடுத்துவந்துவிட்டேன்.

பார்த்தேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன். அதுதான் என்னால் யாரிடமும் சொல்ல முடியாதது. சுரைக்காய், வெள்ளரிக்காய், பீர்க்கங்காய் எதுவானாலும் காம்புப் பக்கம் ஒரு சின்ன வில்லை அறுத்து நாக்கில் வைத்துப் பார்க்காமல் நான் நறுக்கியதே இல்லை, கையோடு ஒட்டின பழக்கம். அன்றைக்கும் அறுத்தேன், வைத்தேன், மென்றேன், விழுங்காமல் துப்பினேன். ஒன்றும் இல்லை. ஈரம், பச்சை வாசனை, அவ்வளவுதான். ஒன்றும் இல்லை என்றால் கசப்பு இல்லை என்றுதானே என் கை எடுத்துக்கொண்டது. மூன்று வருஷமாக எனக்கு எல்லாமே ஒன்றும் இல்லைதான் என்பதைக் கை மறந்துவிட்டது. பூட்டிப் பார்த்த கதவு பூட்டியிருக்கிறது என்று நம்பிவிட்டுத் தூங்கப் போனவள் மாதிரி. தோலைச் சீவி, துண்டு போட்டு, இஞ்சி வைத்து மிக்சியில் அடித்து, வடிகட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பும் மிளகும் போட்டுப் பெரிய டம்ளர் நிறையக் கொடுத்தேன். எப்போதும் ஒரே மூச்சில் குடிப்பார். அன்றைக்கு ஒரு மடக்கு குடித்துவிட்டு நிறுத்தினார். கண் இமை ஒரு தரம் துடித்தது, பார்த்தேன், இஞ்சி உறைக்கிறது என்று நினைத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் மீதியை மடமடவென்று குடித்து டம்ளரைக் கவிழ்த்தார். "எப்படி இருக்கு, நம்ம வீட்டுக் காயி?" என்றேன். "நல்லா இருக்கு" என்றார். தண்ணீர் கேட்டார். இன்னொரு சொம்பு தண்ணீர் கேட்டார். கால் மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். வாந்தி, பேதி, மறுபடி வாந்தி, மூன்றாவது வாந்தியில் ரத்தம். எதிர்வீட்டு ரபீக் அப்போதுதான் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டு நின்றான். சட்டையெல்லாம் நனைய அவரைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிப் போட்டுக்கொண்டு, நாகல் நகர் பாலத்தில் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் கொண்டுவந்து சேர்த்தான். அந்த நேரத்தில் அவன் சவாரிக்குப் போயிருந்தால். போகவில்லை. போகவில்லை, வள்ளிமயில், அதை நினை. போயிருந்தால் என்பதை விடு.

சின்ன வயசு டாக்டரம்மா, என் பெண் சுகந்தியைவிட நாலைந்து வயசு இளையவளாக இருக்கும். கட்டிலோடு ஓடிக்கொண்டே கேட்டாள். "என்ன சாப்ட்டாரு?" "சொரக்கா ஜூஸும்மா." அவள் நின்றுவிட்டாள். "கசந்துச்சா?" நான் வாயைத் திறந்தேன். தெரியாதும்மா என்று வரவேண்டிய இடத்தில், "கொஞ்சம்" என்று வந்தது. அந்தக் 'கொஞ்சம்' எங்கிருந்து வந்தது. அவளுக்கு அதற்கு மேல் கேட்க நேரமில்லை. பிரஷர் எழுபதுக்கு இறங்கிவிட்டது, ரெண்டு கையிலும் ஊசி குத்திக் குளுக்கோஸை ஓடவிட்டார்கள். நேற்று மத்தியானம் கொஞ்சம் ஓய்ந்தபின் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், இதே பெஞ்சில். "பாகக்கா பொறவியிலயே கசப்பும்மா, அது சாப்பாடு. சொரக்கா, வெள்ளரிக்கா இதெல்லாம் கசந்தா அது வெஷம். வேக வச்சாலும் போகாது. இதுக்குன்னு தனி மாத்து மருந்து கெடையாது, உடம்பு தாங்குறவரைக்கும் நாங்க தாங்கிப் புடிக்கிறோம், அவ்வளவுதான். கொஞ்சம் கசந்தாலும் துப்பிரணும். நாக்குதாம்மா நமக்குக் காவல்." நான் தலையாட்டினேன். என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை, என் புறங்கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு எழுந்துபோனாள். அந்தப் பெண் நூறு வருஷம் இருக்க வேண்டும். அவளிடமும் பொய்தான். உள்ளதைச் சொல்லியிருந்தால் வேறு ஏதாவது செய்திருப்பார்களா. இல்லை, அவள்தான் காயின் பேரைக் கேட்டதுமே பிடித்துக்கொண்டாளே. பிடித்துக்கொண்டாள். என் பொய் அவளைத் தடுக்கவில்லை. சாமி, உனக்குப் புண்ணியமாகப் போகட்டும். அவர் வயிற்றுக்கும் கோடி கும்பிடு, உள்ளே போனதையெல்லாம் வெளியே தள்ளியதே, என்னைவிட அந்த வயிற்றுக்கு அறிவு இருந்தது. ரபீக்குக்கு. நேற்று வீட்டுக்குப் போகாமல் ரெண்டு ஷிப்ட் பார்த்த ஜெசிந்தா நர்சுக்கு. இந்த டீக்கார அம்மாளுக்கு. யாரையாவது விட்டுவிட்டேனா.

சுகந்தி ஓசூரிலிருந்து பஸ் ஏறிவிட்டாள். இப்போதுதான் போன் வைத்தாள், தர்மபுரி தாண்டியாகிவிட்டதாம். "அம்மா, அப்பாவ டிஸ்சார்ஜ் பண்ணதும் ரெண்டு பேரும் எங்கூட வந்துருங்க. இனிமே நீ அடுப்படிப் பக்கமே போக வேணாம்" என்றாள். பாசத்தில்தான் சொன்னாள். அங்கே ஒரு சமையல்கார அம்மா வருவாள், மூன்று வேளையும் அவள் வைத்ததைத் தின்றுவிட்டு ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். சொன்னால் அதுதான் நடக்கும். எந்த முகத்தோடு நான் மறுபடி அடுப்பு முன்னால் நிற்பது. அதுகூடப் பரவாயில்லை. அவர் நான் வைக்கிற தட்டை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சாப்பிடுவாரே, அந்த ஒரு நிமிஷத்தை நான் எப்படித் தாங்குவது. முப்பத்தெட்டு வருஷமாகப் பார்க்காமல் சாப்பிட்டவர். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் எல்லாம் பழையபடி. வெளியே சிரித்துக்கொண்டு, உள்ளே ஒவ்வொரு காயையும் அறுத்து ஒன்றும் தெரியாத நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டு. கொடியை வேரோடு பிடுங்கிவிடலாம், சுரைக்காயே வாங்காமல் இருக்கலாம். வெள்ளரிக்காய் வாங்காமல் இருக்கலாம். ஊசிப்போன சாம்பார் புளிக்குமே, அது தெரியுமா எனக்கு. கெட்டுப்போன தேங்காய். காறிப்போன எண்ணெய், வாசனை வந்தால் உண்டு, ஜலதோஷம் பிடித்த நாளில் அதுவும் இல்லை. ஒவ்வொரு நாளும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு, அந்த வாய் எப்போதும் 'நல்லா இருக்கு' என்றே சொல்லிக்கொண்டு. அவர் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, நான் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, ரெண்டு பேருமாகச் சேர்ந்து அவரைக் கொல்லப் பார்த்திருக்கிறோம்.

ஜெசிந்தா கதவைத் திறந்து, "வள்ளிமயிலம்மா, வாங்க. பத்து நிமிஷம்தான்" என்கிறாள். எழுந்திருக்கிறேன். கால் மரத்துப்போயிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறேன். குளிர். மூன்றாவது கட்டில். தாடியில் வெள்ளை முள் முள்ளாக முளைத்திருக்கிறது, ரெண்டு நாளில் கன்னம் ஒட்டிவிட்டது. என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது, அசட்டுச் சிரிப்பு, ஏதோ அவர்தான் தப்புப் பண்ணியவர் மாதிரி. "சாப்ட்டியா?" என்கிறார். குரல் கரகரக்கிறது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். "ஏங்க, கசந்துச்சா?" "ம்." "ரொம்பவா?" "பாகக்காயெல்லாம் கிட்ட நிக்க முடியாது. நாக்க அறுத்துப் போட்டுரலாம் போல இருந்துச்சு." "அப்புறம் ஏங்க குடிச்சீங்க? துப்ப வேண்டியதுதான?" அவர் கூரையைப் பார்க்கிறார். "சுகருக்குன்னு பாகக்காயும் சேத்து அடிச்சிருக்கியோன்னு நெனச்சேன் வள்ளி. நீ ஒண்ணும் இல்லாத ஒடம்ப வச்சுக்கிட்டுத் தெனம் எனக்காகக் கசப்பத் திங்குற. நான் ஒரு டம்ளர் குடிக்க மாட்டேனா?"

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. முடிவு பண்ணியா சொன்னேன், வாய் தானாகத் திறந்துகொண்டது. "எனக்கு நாக்குல ருசியே இல்லைங்க. கொரோனா வந்துச்சுல்ல, அப்ப போனது. கசப்பு, உப்பு ஒரு எழவும் தெரியாது. மூணு வருஷமா நான் தின்ன கசப்பெல்லாம் சும்மா. மைக்குல பேசுனீங்களே, அதெல்லாம் பொய்யி. அன்னைக்கும் காய நாக்குல வச்சுப் பாத்தேங்க. தெரியல. நாந்தான் உங்களுக்கு வெஷத்தக் குடுத்தேன்." மிஷின் கீக் கீக்கென்று அடிக்கிறது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் நிற்கிறேன். மெதுவாகக் கேட்கிறார், "அப்ப, தெனமும் எப்படி இருக்குன்னு கேப்பியே?" "ஆமா." "அது சும்மா கேக்குறது இல்லையா?" "இல்லைங்க. தெரியாமத்தான் கேட்டேன்." "நெசமாவே கேட்டியா?" "நெசமாத்தாங்க கேட்டேன்." அவர் கண்ணைத் திறந்தார். என்னை முழுசாக ஒரு தரம் பார்த்தார். குளுக்கோஸ் ஏறாத கையை நீட்டி என் முந்தானையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"ரசத்துல புளி ஜாஸ்தி" என்றார். "எந்த ரசம்?" "எல்லா ரசமும்தான். மூணு வருஷமா. சாம்பார்ல பெருங்காயம் போட்டோமா போடலையான்னு மறந்துட்டு ரெண்டு தரம் போடுற. செவ்வாக்கெழமையானா பொரியல்ல உப்பே கெடையாது. அது ஏன் செவ்வாக்கெழமைன்னு எனக்குப் புடிபடவே இல்ல. மாசி மாசம் ஒரு வத்தக்கொழம்பு வச்ச, அத நான் சாப்ட்டேன்னா நான் மனுசனே இல்ல, தெய்வம்." எனக்குக் கண்ணிலிருந்து கொட்டுகிறது, அதோடு சிரிப்பும் வருகிறது, மூக்கையும் கண்ணையும் ஒரே முந்தானையில் துடைக்க முடியவில்லை, அதன் இன்னொரு முனை அவர் கையில் இருக்கிறது. முப்பத்தெட்டு வருஷத்தில் என் சமையலை அவர் குறை சொல்லி நான் இப்போதுதான் கேட்கிறேன். ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திருக்கிறார், வண்டி வந்த நேரம் போன நேரம் மாதிரி. ஜெசிந்தா ஓடிவருகிறாள். "ஐயா, பேசாதீங்க, ரெஸ்ட் எடுங்க. அம்மா, டைம் ஆயிருச்சு, வெளிய வாங்க." அவர் அவளைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்துகிறார். "இரும்மா. நான் இன்னும் பொங்கலுக்கே வரல." "சொல்லட்டும் சிஸ்டர்" என்கிறேன் நான். "சொல்லுங்க. பொங்கல் எப்படி இருந்துச்சு?"